குறுக்கால எட்டு நிமிஷம்

நாங்கள் தோட்டத்தை விட்டு அட்டன் நகரத்துக்குக் குடிபோனதற்கு உறவினர்கள் பல காரணங்களைச் சொல்லி மகிழ்ந்தார்கள். முன்னேற்றம் என்றார் ஒருவர். நாகரிகம் என்றார் இன்னொருவர். ஆசிரியை சம்பளம் தலைக்கேறிவிட்டது என்று மூன்றாமவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார். உண்மையான காரணம் வாந்தி.

என் மனைவி அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் படிப்பித்தவர். ஒரு மே மாதத்தில் அட்டனுக்கு மாற்றம் வந்தது. நான் தலவாக்கலையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் வீடு. இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே அவளையும் அட்டன் பாடசாலையிலேயே சேர்த்து, தாயோடு பஸ்ஸில் அனுப்பினோம். சந்தியில் அதிகாலை ஐந்து இருபத்தைந்துக்குப் பஸ். ஏழு ஐந்துக்கு அட்டன். நடுவில் இருக்கும் வளைவுகளை நான் எண்ணியிருக்கிறேன், ஆனால் எந்த இடத்தில் ஒரு வளைவு முடிந்து மறு வளைவு தொடங்குகிறது என்பதில் எனக்கும் கண்டக்டருக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை.

பிள்ளை முதல் வாரத்திலேயே வாந்தி எடுத்தாள். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு நெடுங்காலமாக உண்டு; மழை, பஸ், மின்வெட்டு எல்லாவற்றுக்கும் நேரம் குறிப்பேன். அதனால் இதையும் மனைவியிடம் கேட்டுக் குறித்தேன். ஜூனில் தலவாக்கலை தாண்டி வாந்தி எடுத்தவள் ஜூலையில் தலவாக்கலை வருமுன்னரே எடுத்தாள். ஓகஸ்டில் பஸ்ஸின் முன்விளக்கு தெரிந்ததுமே தாயின் கைப்பையைத் திறந்து ஷொப்பிங் பேக்கைத் தேட ஆரம்பித்தாள். காலையில் சாப்பிட்டால்தானே வாந்தி வரும் என்று காலைச் சாப்பாட்டை விட்டாள். பிறகு தன் அறிவைப் பயன்படுத்தி இரவுச் சாப்பாட்டையும் குறைத்தாள். இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ இறங்கியது. வைத்தியர் எல்லாம் பார்த்துவிட்டு, "நோய் ஒன்றுமில்லை. பஸ்ஸை நிறுத்துங்கள்" என்றார். பஸ்ஸை நிறுத்துவது அவ்வளவு லேசென்றால், சந்தியில் கையைக் காட்டிக்கொண்டு நிற்கும் நாங்கள் எப்போதோ நிறுத்தியிருப்போமே.

ஆக, தேவை ஒன்றுதான்: பிள்ளை நடந்தே பாடசாலைக்குப் போகக்கூடிய வீடு. மனைவிக்கு இன்னொரு சின்ன நிபந்தனை. வரவுப் புத்தகத்தில் ஏழரைக்குப் பாடசாலை அதிபர் சிவப்புக் கோடு கீறுவார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து விழுந்தால் விடுமுறையில் வெட்டு விழும். எனக்கு நிபந்தனை எதுவும் இல்லை. தலவாக்கலைக்கு ரயில் வந்தால் ரயிலில் போவேன், வராவிட்டால் பஸ்ஸில் போவேன் என்று பெருந்தன்மையாக அறிவித்தேன். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நகரங்களைப் பற்றி நான் கொஞ்சம் வாசித்தவன். கடை, பாடசாலை, மருத்துவமனை எல்லாம் பதினைந்து நிமிட நடைக்குள் இருக்கும் நகரமே மனிதன் வாழத் தக்கது என்று வெளிநாட்டு நிபுணர்கள் எழுதுகிறார்கள். அட்டனில் எல்லாமே பதினைந்து நிமிடத்துக்குள்தான் இருக்கிறது. செங்குத்தாக. அந்த நிபுணர்களின் வரைபடங்களில் மேலே கீழே என்பதற்கு ஓர் அம்புக்குறிகூட இல்லை. தட்டையான ஊர்க்காரர்கள் போலும். எனவே நானே ஒரு கொப்பியில் கட்டம் போட்டேன். இறங்கும் நேரம், ஏறும் நேரம், மழையில் ஏறும் நேரம், படிகள், அட்டைக்கடி, நாய், தண்ணீர் வரும் மணி. செப்டம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கி ஆறு வாரம், வார இறுதி ஒவ்வொன்றிலும் கடிகாரமும் குடையுமாக அட்டனை அளந்தேன்.

"வீடு பார்க்கப் போறீங்களா, ரோட்டுக்கு டெண்டர் போடப் போறீங்களா?" என்றார் மனைவி.

"அவசரப்பட்டு ஒரு வீட்டுல மாட்டிக்கக் கூடாது பாரு."

"புள்ள எலும்பும் தோலுமா இருக்கா. ஒங்களுக்கு நாய் எத்தனைன்னு எண்ணணும்."

வீடு காட்டியவர் ஓர் ஆட்டோ சாரதி. வாடகைக்கு வீடு இருப்பது நகரசபைக்குத் தெரியுமுன் இவருக்குத் தெரியும். முதலில் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு வீட்டைக் காட்டினார். ஆட்டோவைக் கீழே நிறுத்திவிட்டு மேலே கையைக் காட்டினார். நான் எண்ணிக்கொண்டே ஏறினேன். நூற்று எண்பத்தெட்டுப் படிகள். அவர் ஏறவில்லை, கீழிருந்தே விளக்கம் தந்தார்.

"இங்கேருந்து பார்த்தா முழு டவுனும் தெரியும் சேர்!"

"டவுனுக்குப் போக எவ்வளவு நேரம்?"

"பார்க்கிறதுக்கு டைமே எடுக்காது சேர்!"

அடுத்து டிக்கோயாப் பக்கம் ஓர் அழகான வீடு. முன்னால் ரோஜா, பின்னால் தண்ணீர்த் தாங்கி. பாடசாலைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பத்தே நிமிஷம், பஸ்ஸில், என்றார். பஸ் கூடாது என்பதால்தான் வீடு தேடுகிறோம் என்று மூன்றாம் முறையாக விளக்கினேன். "அது பெரிய பஸ் சேர், இது சின்ன பஸ்தானே" என்று அவர் சமாதானம் சொன்னார்.

மூன்றாவது வீட்டைப் பார்த்ததும் என் கொப்பி நிமிர்ந்து உட்கார்ந்தது. பாடசாலைக்கு நேர் பின்னால் இருக்கும் மேட்டில் வீடு. சொந்தக்காரர் யாழ்ப்பாணத்தார். பல வருடங்களுக்கு முன் ஆசிரியராக வந்து, ஓய்வு பெற்று, குளிரைத் திட்டிக்கொண்டே இங்கு தங்கிவிட்டவர். அவர் முன்வீட்டில் இருந்தார்; பின்வீடு வாடகைக்கு. சுவரில் ஈரம் இல்லை, குழாயில் தண்ணீர், முற்றத்தில் வெயில். வாசலில் நின்றால் பாடசாலையின் தகரக் கூரை காலடியில் தெரிந்தது.

"பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரங்க ஐயா?"

"றோட்டாலை போனால் அரை மணித்தியாலம் எண்டு வையுங்கோ தம்பி."

"குறுக்கால போனா?"

"குறுக்காலையோ? உதுக்குள்ளாலை சனம் போய்வாறதுதான். நான் போறேல்லை."

அவர் காட்டிய திசையில், யாரும் கொழுந்து பறிக்காமல் மரமாகிக்கொண்டிருந்த ஒரு துண்டுத் தேயிலை. நடுவே கால் பட்டுப் பட்டு வழவழப்பான செம்மண் பாதை, பாடசாலையின் பின்வாசல் கேற் வரை போனது. நான் இறங்கிப் பார்த்தேன். எட்டு நிமிடம். ஏறப் பதினொன்று. அடுத்தடுத்த இரண்டு வாரம் போய், மழையில் ஒரு தரம், பனிமூட்டத்தில் ஒரு தரம், பத்துக் கிலோ அரிசியோடு ஒரு தரம் நடந்தேன். எப்படி நடந்தாலும் பதின்மூன்றைத் தாண்டவில்லை. கடைசி நடை முடிந்ததும் அவர் முற்றத்திலேயே நின்று கொப்பியில் 'எட்டு நிமிடம்' என்று எழுதி அடிக்கோடிட்டேன். பக்கத்தில், 'வீட்டுக்காரர் அரை மணி என்கிறார். வடக்கத்தியார், மலையில் நடக்கத் தெரியாது' என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். அந்த வரியை இப்போதும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஆவணத்தைத் திருத்துவது முறையல்ல.

இதில் என்ன தவறு என்று தோட்டத்தில் பிறந்த எவருக்கும் விளங்காது. எங்கள் ஊரில் தூரம் என்றாலே குறுக்கால்தான். ரோடு என்பது கொழுந்து லொறிக்கும் துரையின் ஜீப்புக்கும் போட்டது. மனிதர்கள் குறுக்கால் போவார்கள். லயத்து வீட்டிலிருந்து, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு, கோயிலுக்கு, கடைக்கு, எல்லாவற்றுக்கும் தேயிலைக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. அது யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. இருநூறு வருடமாக ஒரு துண்டு நிலத்துக்கும் உறுதிப்பத்திரம் இல்லாமல் இருந்ததில் எங்களுக்குக் கிடைத்த ஒரே இலாபம் இதுதான்: காணி என்றால் நடந்துபோகிற இடம் என்று நினைக்கிறோம். ஆறு வாரம் ஆய்வு செய்த நான் அட்டையை எண்ணினேன், நாயை எண்ணினேன். அந்தத் தேயிலைத் துண்டுக்குச் சொந்தக்காரர் இருப்பாரா என்ற கட்டம் என் கொப்பியில் இல்லை.

நவம்பர் நடுவில் குடிவந்தோம். முதல் திங்கட்கிழமை ஏழு மணிக்கு வாசலில் நின்றபோது மகள் தாயின் கைப்பையை வாங்கி உள்ளே பார்த்தாள்.

"அம்மா, பேக் வைக்கல."

"எதுக்குடி? நடந்துதானே போறோம்."

"நடந்தா வாந்தி வராதா?"

"வந்தா தேயிலைக்கு ஒரம்."

அவள் சிரித்துக்கொண்டே முன்னால் ஓடினாள். மனைவி கோட்டுக்கு மேலே, அதுவும் மூன்றாவது ஆளாகக் கையெழுத்திட்டார். இரண்டாம் வாரத்தில் பிள்ளை காலையில் அரை ரொட்டி சாப்பிட்டாள். விடுமுறை முடிந்து ஜனவரியில் பாடசாலை தொடங்கியபோது ஒரு கிலோ ஏறியிருந்தது. நான் உறவினர்களிடம் தொலைபேசியில் நகரத் திட்டமிடல் பற்றி விரிவுரை ஆற்றத் தொடங்கினேன். வீடு தேடும் சக எழுதுவினைஞர் ஒருவருக்கு என் கட்டத்தைப் பிரதி எடுத்துக்கூடக் கொடுத்தேன்.

பெப்ரவரி மாதம், ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு மறுநாள் காலை. மனைவியும் மகளும் இறங்கிப் போய் நாலு நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். பாதையில் தகரம் என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன். புதுத் தகரம், முள்ளுக்கம்பி, சீமெந்துத் தூண். இரண்டு பேர் கடைசித் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சைக் கேட்டால் எங்கள் பக்கத்து ஆட்கள்.

"என்ன தம்பி, பாதையை அடைக்கிறீங்க?"

"மொதலாளி கொழும்புல இருக்காருங்க. கெஸ்ட் ஹவுஸ் கட்டப் போறாராம். சிவனொளிபாத மலைக்கு வர்ற ஆளுங்க தங்க."

"நாங்க எப்படிப் போறது?"

"அண்ணே, நாங்களே இந்தக் குறுக்காலதான் வேலைக்கு வந்தோம். அடிச்சு முடிச்சிட்டு எப்படித் திரும்பிப் போறதுன்னுதான் பேசிக்கிட்டு இருக்கோம்."

வீட்டுக்காரர் முற்றத்தில் கம்பளித் தொப்பியோடு நின்றார். கோபமாக ஏதாவது கேட்கலாமென்று போனேன்.

"நான் அரை மணித்தியாலம் எண்டுதானே சொன்னனான் தம்பி?"

"சொன்னீங்க ஐயா."

"நீங்கள் கொப்பியிலையும் எழுதினனீங்கள்."

எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்வாரோ என்று பயந்து உள்ளே வந்துவிட்டேன்.

ரோடு அந்த மலையைச் சுற்றி வளைந்து, பிரதான வீதியில் இறங்கி, மறுபடி ஏறிப் பாடசாலைக்கு வருகிறது. எனக்கு முப்பத்தொரு நிமிடம். பிள்ளையோடு நாற்பத்தாறு. நடைபாதை கிடையாது, பஸ்ஸோ லொறியோ வரும்போதெல்லாம் வடிகானுக்குள் ஒரு காலை வைத்து நிற்க வேண்டும். ஆறே முக்காலுக்குக் கிளம்பியும் முதல் வாரம் மூன்று நாள் கையெழுத்து கோட்டுக்குக் கீழே விழுந்தது. நாலாவது நாள் மழை. வேறு வழியில்லாமல் மனைவி பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றினார். மூன்றே தரிப்பிடம். இறங்கிய இடத்தில் அவள் வெள்ளைச் சட்டையில் வாந்தி. தாயும் மகளும் பாடசாலைக் குழாயடியில் கழுவிக்கொண்டு நின்றதை அவள் வகுப்பு முழுவதும் வேடிக்கை பார்த்திருக்கிறது. மறுநாள் காலை ரொட்டித் தட்டைப் பிள்ளை இரண்டு விரலால் தள்ளி வைத்தாள்.

நான் அத்துமீறலைச் சட்டப்படி சந்திப்பது என்று முடிவு செய்தேன். பொதுப்பாதையை அடைக்க எவருக்கும் உரிமை இல்லை. பொதுப்பாதை என்பதற்கு ஆதாரம் என் கையிலேயே இருக்கிறது. கிராம உத்தியோகத்தர் ஒரு சிங்களவர், நல்ல மனிதர், தமிழும் பேசுவார். அவர் மேசையில் நாட்குறிப்பை விரித்து, குடிவந்த நாளிலிருந்து தகரம் அடித்த நாள்வரை வரி வரியாக வாசித்துக் காட்டினேன். இறங்கிய நேரம், சேர்ந்த நேரம், வானிலை. பாடசாலை நாள் நாற்பத்தொன்று. ஒரு நாள் விடவில்லை. அவர் பிளேன்டியைக் குடிக்காமல் கடைசிவரை கேட்டார்.

"ஹரி, சரி. நல்லா எழுதியிருக்கு மாத்தயா. உறுதியில பாதை இருக்கா?"

"உறுதி எங்கிட்ட இல்லீங்க. ஆனா ஆளுங்க நடக்கிறாங்க. நான் எழுதி வச்சிருக்கேன்."

"அதுதான் சொல்றது. காணிக்காரர் பொலிசுக்குப் போனா, நீங்க உள்ளுக்குப் போனதுன்னு அவருதான் சாட்சி கொண்டுவர வேணும். இப்ப வேணாம். நாப்பத்தொரு நாளு, டைம் எல்லாம் போட்டு, நீங்களே குடுத்தது." நாட்குறிப்பை மூடி, இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளினார். "இதை வீட்டுல வச்சிக்கோங்க. யாருக்கும் காட்ட வேணாம்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நாளைக்கு இன்டர்வல்ல நான் ஒரு வீடு பார்க்கிறேன். நீங்க வராதீங்க."

"இன்டர்வல் இருபது நிமிஷம்தானே?"

"போதும்."

பதினேழு நிமிடம் என்று பிறகு விசாரித்துக் குறித்துக்கொண்டேன். அவருடைய வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய் சொல்லி, பஸ் தரிப்பிடத்துக்கு நேர் பின்னால், ஒரு தையற்கடைக்கு உட்புறமாக இரண்டு அறை. அந்தப் பகுதியை நான் முதல் நாளே தள்ளியிருந்தேன். பஸ்ஸால் வாடும் பிள்ளைக்குப் பஸ்ஸின் சத்தம்கூடக் கேட்காத இடம்தான் வேண்டும் என்பது என் ஆய்வின் முதல் விதி. மனைவி கேட்டது ஒரே கேள்விதானாம். அதுவும் வீட்டைப் பற்றியல்ல. வாசலில் நின்றுகொண்டு, "பள்ளிக்கூடம் வரைக்கும் இது நகரசபை ரோடுதானே?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும் சாவியை வாங்கிவிட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். மேற்குச் சுவரில் ஈரம் ஒரு வரைபடம் வரைந்திருந்தது. ஜன்னலைத் திறந்தால் டீசல். காலை நாலரைக்கே, "கொழும்பு, கொழும்பு, கொழும்பு" என்று ஒருவர் தலைநகரத்தைக் கூவி விற்கத் தொடங்குவார். சீசன் காலத்தில் மலையேறப் போகிறவர்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்து சப்பாத்து மாற்றுவார்கள் என்று தையற்கடைக்காரர் முன்கூட்டியே சொல்லி வைத்தார். என் கட்டத்தில் இந்த வீட்டுக்கு நான் போட்ட புள்ளி, பாதையோரத்துக் கோழிக்கூட்டுக்குப் போட்டதைவிடக் குறைவு.

"பாப்பாவுக்கு இந்த மணமே ஒத்துக்காதே" என்றேன்.

"பஸ் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. அவளா ஏறப் போறா?"

"மணம் வருமே."

"வரட்டும். அவ நடந்து போய்ப் பார்க்கட்டும். முடியலன்னா அப்ப நீங்க கொப்பியை எடுங்க."

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு மாறினோம். யாழ்ப்பாணத்து ஐயா வாழைக்குலையில் பாதியை வெட்டித் தந்து, "இனி றோட்டாலை போங்கோ" என்று ஆசீர்வதித்தார். சாமான் ஏற்றிய ஆட்டோ சாரதி, பஸ் ஸ்டாண்டில்தான் வீடு என்று முதலிலேயே சொல்லியிருந்தால் ஆறு வாரப் பெற்றோல் மிச்சம் என்றார்.

திங்கட்கிழமை காலை நான் தலவாக்கலை வழியாகப் போகும் பஸ்ஸில் முன்கூட்டியே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் புறப்படுமிடத்தில் குடியிருப்பவனுக்குக் கிடைக்கும் ஒரே சலுகை. ஏழு மணிக்கு இருவரும் வெளியே வந்தார்கள். வரிசையாக ஆறு பஸ்கள் உறுமிக்கொண்டு நின்றன. புகை தரையோடு தவழ்ந்தது. மகள் முதல் பஸ்ஸின் பக்கத்தில் வந்ததும் நின்றாள். மனைவி திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவுமில்லை. நாலு அடி தள்ளிப் போய், மெதுவாக நடந்துகொண்டிருந்தார். என் கை சட்டைப்பைக்குள் பேனாவைத் தொட்டது. இறங்கி ஓடலாமா என்றும் தோன்றியது. நான் ஏறிய பஸ்ஸின் கண்டக்டர், "அக்கரப்பத்தனை போற ஆளுங்க ஏறுங்க!" என்று பிள்ளையின் தலைக்கு மேலே கத்தினார்.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நான் வரல" என்று, நல்ல சத்தமாக, அறிமுகமே இல்லாத அந்த மனிதரிடம் சொன்னாள்.

"வராட்டிப் போ தாயி, கோவிச்சுக்காத" என்றார் அவர்.

அவள் மூக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டாள். மறு கையில், ஷொப்பிங் பேக்குக்குப் பதிலாக, சம்பல் தடவி மடித்த ரொட்டி இருந்தது. ஆறு பஸ்ஸையும் கடந்து, வீதி மட்டமாகத் தொடங்கும் இடத்துக்குப் போனதும் மூக்கிலிருந்து கையை எடுத்து ஒரு கடி கடித்தாள். பிறகு தாயைத் தாண்டி முன்னால் போனாள்.

எத்தனை நிமிடத்தில் சேர்ந்தார்கள் என்று தெரியவில்லை. பஸ் புறப்பட்டுவிட்டது. அன்று மாலை மனைவியிடம் கேட்டேன்.

"முழுசாத் தின்னுட்டா" என்றார்.